எல்லாரும் பிஸி, ஆனாலும் எந்த வேலையும் தேதிக்கு முடிவதில்லை, ஏன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: எட்டுப் பேர் கொண்ட டீம். தினமும் காலையில் ஒரு மீட்டிங், மூன்று வாட்ஸ்அப் குரூப், நிர்வாகம் வாங்கிக் கொடுத்த ஒரு டாஸ்க் ஆப், அது போதாதென்று ஆளுக்கொரு எக்செல் ஷீட். யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பலர் நேரம் தாண்டியும் இருக்கிறார்கள், இருந்தும் சொன்ன தேதிக்கு ஒன்றும் வெளியே போவதில்லை. இதற்கு எந்த ஆப் நல்லது, எந்த முறையைப் பின்பற்றலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் பாரம் முழுக்க அதற்கு முந்தைய வரியில்தான் இருக்கிறது: எல்லாரும் உழைக்கிறார்கள், அப்படியானால் வேலை எங்கே போய் நிற்கிறது? நான் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். அது பிடிபட்டுவிட்டால் ஆப் விஷயம் தானாகச் சின்னதாகிவிடும்.

நான் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தவன். அலுவலகங்களில் வேலை எப்படி நகர்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் பல வருடங்களாக என் தொழில். பெரும்பாலும் இருபது பேருக்குள் இருக்கிற டீம்கள்: கணக்கு, கொள்முதல், கஸ்டமர் சர்வீஸ், டிசைன், சாஃப்ட்வேர். எனவே இங்கே சொல்வது மேசை வேலைக்குப் பொருந்தும். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம் மாதிரி, வந்த அழைப்பை அந்த நொடியே எடுத்தாக வேண்டிய இடங்களுக்கு இதில் பாதி பொருந்தாது. இன்னொன்று, கீழே வருவதில் சில வெறும் கணக்கு, அதில் விவாதமே இல்லை. சில ஆராய்ச்சி முடிவுகள், அவற்றில் உறுதியாக நிற்பதும் உண்டு, ஆட்டம் கண்டதும் உண்டு. மீதி என் அனுபவம். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். போன வாரம் முடிந்த ஏதாவது ஒரு வேலையை எடுத்து, அது உள்ளே வந்த நிமிடத்திலிருந்து வெளியே போன நிமிடம் வரை மெயிலையும் மெசேஜையும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கொட்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 10:10க்குக் கஸ்டமரின் மெயில் வருகிறது. மதியம் 2:30க்கு மேனேஜர் அதைப் பார்த்து, "பாத்துக்கோங்க" என்று ஒரே வார்த்தை போட்டு இரண்டு பேருக்கு ஃபார்வர்ட் செய்கிறார். இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். செவ்வாய் மாலை ஒருவர் திறக்கிறார். எத்தனை எண்ணிக்கை வேண்டும் என்று மெயிலில் இல்லை, கேட்டு எழுதுகிறார். புதன் காலையே பதில் வந்துவிடுகிறது, ஆனால் அவர் அப்போது வேறு ஒன்றில் மூழ்கியிருக்கிறார். வியாழன் 11 மணிக்கு உட்கார்ந்து 35 நிமிடத்தில் விலை போட்டு அப்ரூவலுக்கு அனுப்புகிறார். அப்ரூவல் தருபவர் மீட்டிங்கில். வெள்ளி மாலை 5 மணிக்கு அவர் 2 நிமிடம் பார்த்து ஓகே சொல்கிறார், திங்கள் காலை கஸ்டமருக்குப் போகிறது. கை வைத்து வேலை செய்த நேரம் மொத்தம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனது முழுசாக ஒரு வாரம்.

இந்தக் கொட்டேஷன் நான் உதாரணத்துக்குக் கட்டியதுதான், ஆனால் உங்கள் தாளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வரும் என்று தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் இப்படி எழுதச் சொன்ன இடங்களில் எல்லாம் இப்படித்தான் வந்திருக்கிறது. வேலை நடக்கும் நேரம் கொஞ்சம், யாராவது ஒருவரின் இன்பாக்ஸில் அது காத்திருக்கும் நேரம் மலையளவு. அந்த 35 நிமிடத்தை ஒருவர் ராப்பகலாகப் பழகி 25 நிமிடம் ஆக்கினாலும் கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் தனிமனித வேகத்தைக் கூட்டுவது பற்றிய அறிவுரைகள் அத்தனையும் (சீக்கிரம் எழுவது, ஷார்ட்கட் கீ கற்றுக்கொள்வது, டைமர் வைத்து வேலை செய்வது) இந்த 35 நிமிடத்தைத்தான் குறிவைக்கின்றன. நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் மீதி ஆறு நாள்.

அந்த ஆறு நாள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961ல் நிரூபித்த விதி, அவர் பெயரிலேயே லிட்டில் விதி என்கிறார்கள். கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்று கிடைத்துவிடும். உங்கள் டீமில் தொடங்கி முடியாமல் இருப்பவை 40, வாரத்துக்கு 10 முடிகிறது என்றால், இன்று உள்ளே வருகிற வேலைக்குச் சராசரியாக 4 வாரம் ஆகும். யார் எவ்வளவு திறமைசாலி, எந்த ஆப் என்பதெல்லாம் இந்த வகுத்தலுக்குள் வராது. அந்த 40ஐ 20 ஆக்கி, வாரத்துக்கு 10 என்பது குறையாமல் பார்த்துக்கொண்டால் 2 வாரம். உள்ளே வருவதும் வெளியே போவதும் நீண்ட காலத்தில் சமமாக இருக்கும் வரை இது உறுதியான கணக்கு. வருவது கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது கணக்கு இதைவிடச் சங்கடமானது, மேலதிகாரிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காதது. வேலைகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, கவனிக்க ஒருவர்தான் இருக்கிறார் என்ற எளிய வரிசையை எடுத்துக்கொண்டால், அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஒரு வேலை தன் முறைக்காகக் காத்திருக்கும் சராசரி நேரம், அந்த வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19. நூறை நெருங்க நெருங்க முடிவே இல்லாமல் போகும். வாகனங்களால் முழுக்க நிரம்பிய சாலையில் எதுவும் நகராதே, அதேதான். உங்கள் அலுவலகத்தில் எண்கள் இதே அளவில் இருக்காது, அது மாதிரிக் கணக்கு. ஆனால் போக்கு இதுதான், அதில் சந்தேகமில்லை. எல்லாரும் ஒரு நிமிடம்கூட ஓய்வில்லாமல் இருக்கிறார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லும் டீமில் தாமதம் நோயாக நிலைத்துவிடுவது இதனால்தான். நீங்கள் "யாரும் சும்மா இல்லை, இருந்தும் தாமதம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த "இருந்தும்" தேவையில்லை. யாருக்கும் இடைவெளி இல்லாததுதான் தாமதத்துக்குப் பெரிய காரணம்.

சரி, என்ன செய்வது? ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் உயிர்நாடியே இதுதான்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை, அட்டைகளின் எண்ணிக்கை அளவானது, அட்டை இல்லாமல் அடுத்ததை உருவாக்க முடியாது. இன்றைக்குப் பல ஆப்களில் கான்பான் போர்டு என்ற பெயரில் மூன்று கட்டங்கள் (செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது) இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதில்லை. அது கலர் அடித்த பட்டியல், அவ்வளவுதான். மேசை வேலைக்கு ஆளுக்கு மூன்று என்று தொடங்கலாம். மூன்று என்பது எந்த ஆராய்ச்சியிலும் இருந்து வந்த எண் இல்லை, என் அனுபவத்தில் மக்கள் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளும் எண். நான்காவதைத் தொட வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று முடிய வேண்டும், அல்லது அதை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுத வேண்டும்.

உடனே வரும் எதிர்ப்பு தெரியும். "எங்க பாஸ்கிட்ட எல்லாமே அவசரம்தான்." அவரிடம் எதையும் மறுக்க வேண்டியதில்லை. "சார், இப்போ என் கையில இந்த மூணு இருக்கு. இதை எடுக்கலாம், எதை நிறுத்தட்டும்?" என்று கேட்டால் போதும். முதல் சில தடவை எரிச்சலாகத்தான் பதில் வரும். ஆனால் ஒரு வேலையை உள்ளே தள்ளினால் இன்னொன்று தள்ளிப்போகும் என்ற உண்மை இதுவரை உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தது, இப்போது அது தீர்மானிக்க வேண்டியவரின் மேசைக்குப் போகிறது. எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பது அவருடைய வேலை, அந்த முடிவை எடுக்க அவருக்குத் தகவல் வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: நம் கையில் இல்லாமல் கஸ்டமரின் பதிலுக்கோ இன்னொரு டிபார்ட்மென்டின் அப்ரூவலுக்கோ நிற்கிற வேலைகள். அவற்றை மூன்றுக்குள் எண்ணினால் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிவரும், எண்ணாமல் விட்டால் அவை கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். தனியாகக் "காத்திருப்பு" என்று ஒரு பகுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்காகக் காத்திருக்கிறோம், எந்த நாளில் திரும்பக் கேட்போம் என்று இரண்டே விஷயம் எழுதுங்கள். நாள் எழுதாத ஃபாலோ அப் நடக்காது. அந்தப் பகுதியில் ஒரே பெயர் ஏழெட்டு இடத்தில் வந்தால், உங்கள் டீமின் அடைப்பு எங்கே என்று தேட வேண்டிய வேலை முடிந்தது.

இதற்கெல்லாம் பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் மூன்று குரூப், ஆப், எட்டு ஷீட் ஆகியவற்றில் எதை வைத்துக்கொள்வது என்பது முக்கியமில்லை, ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வதுதான் முக்கியம். ஒரு வரிக்கு நான்கு விவரம் போதும்: என்ன வேலை, யார் பொறுப்பு (ஒரே பெயர், இரண்டு பெயர் போட்டால் யாரும் இல்லை), அடுத்து செய்ய வேண்டிய ஒரு செயல், தேதி. முன்னுரிமை நிறம், சதவீத நிறைவு, வகை, உபவகை எதுவும் வேண்டாம். சேர்க்கிற ஒவ்வொரு கட்டத்தையும் யாராவது தினமும் நிரப்ப வேண்டும், நிரப்பாத கட்டம் பொய் சொல்ல ஆரம்பிக்கும், பட்டியல் பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு ரகசியப் பட்டியல் முளைக்கும். உங்கள் அலுவலகத்தில் எட்டு எக்செல் ஷீட் இருப்பதே அந்த ஆப் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை என்பதற்கு அத்தாட்சி. யாரையும் குறை சொல்ல முடியாது. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்.

குறைப்பது ஏன் நமக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு 2021ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு நல்ல ஆய்வு வந்தது. லைடி க்ளாட்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் மக்களிடம் ஒரு லெகோ கட்டுமானம், ஒரு கட்டுரை, ஒரு பயணத் திட்டம் என்று பல பொருள்களைக் கொடுத்து மேம்படுத்தச் சொன்னார்கள். பெரும்பாலானோர் ஏதாவது சேர்த்தார்கள், எடுத்துவிடுவது சுலபமாக இருந்த இடத்திலும். எடுத்துவிட்டாலும் பரவாயில்லை என்று நினைவூட்டியபோது நீக்குகிறவர்கள் கூடினார்கள். அதாவது நீக்குவது நமக்குப் பிடிக்காததல்ல, தோன்றுவதே இல்லை. அதனால் நான் போகிற இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறேன்: எதை நிறுத்தலாம்? வாரா வாரம் போகிற ரிப்போர்ட்களில் ஒன்றை, "இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கிறோம், தேவைப்பட்டால் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டு நிறுத்துங்கள். யாரும் கேட்கவில்லையென்றால் அது முடிந்துபோன கதை. ஆனால் சட்டம், ஆடிட், பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றில் இந்தச் சோதனை வேண்டாம். அவை யாரும் படிக்காவிட்டாலும் இருக்க வேண்டியவை.

அடுத்தது கேட்கிற விதம், இதைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. மேலே சொன்ன கதையில் "பாத்துக்கோங்க" என்ற ஒரு வார்த்தையால் போனது ஒன்றேகால் நாள். இதே மாதிரிதான் "சார், அந்த விஷயம் என்னாச்சு?" என்கிற மெசேஜும். எந்த விஷயம் என்று அவர் தேட வேண்டும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊகிக்க வேண்டும், அப்புறம் பதில் எழுத வேண்டும்; பிறகு பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவார். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "சார், நாளை 4 மணிக்குக் கஸ்டமருக்குப் போக வேண்டிய கொட்டேஷன் இணைத்திருக்கிறேன். மூன்றாம் வரியில் தள்ளுபடி 5 சதவீதம் போட்டிருக்கிறேன், அது சரியா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். நாளை மதியத்துக்குள் தெரிந்தால் நேரத்துக்கு அனுப்பிவிடுவேன்." எழுதக் கூடுதலாக ஒன்றரை நிமிடம் ஆகும், ஆனால் அவர் செல்போனிலேயே படித்து "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். என்ன வேண்டும், எப்போது வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் ஆகிய மூன்றும் இல்லாத கோரிக்கையை அனுப்புவதில்லை என்று டீம் பழகிக்கொண்டால், காத்திருப்பில் பெரிய துண்டு ஒன்று காணாமல் போகும். இது அனுபவம்தான், ஆராய்ச்சி என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் எனக்கு இதில் தயக்கமே இல்லை.

குறுக்கீடு பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று குரூப் என்றாலே அது இருக்கும். ஒரு தடவை கவனம் சிதறினால் திரும்பக் கவனம் வர 23 நிமிடம் ஆகும் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். கிளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் ஆட்களின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பதிவு செய்ததிலிருந்து வந்த எண் அது, ஆனால் அவர் அளந்தது விட்ட வேலைக்குத் திரும்ப ஆன நேரத்தை. இடையில் ஆள் வேறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். மூளை 23 நிமிடம் மந்தமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அவருடைய 2008 ஆய்வில் குறுக்கீடு இருந்தவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை, ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. 2009ல் சோஃபி லெராய் காட்டியது இன்னொரு பக்கம்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் முந்தையதன் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது. மெயிலை ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பார்க்கச் சொன்ன கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் ஆய்வில் (2015, 124 பேர்) அந்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்தது. ஆக உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: குறுக்கீடு மனிதரைக் களைக்க வைக்கிறது, பாதியில் தாவுவது அடுத்த வேலையைப் பாதிக்கிறது. எத்தனை நிமிடம் நஷ்டம், எத்தனை சதவீதம் நஷ்டம் என்று துல்லியமாக எண் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் டீம் முழுவதும் குரூப் பார்ப்பதில்லை, உயிர் போகிற அவசரம் என்றால் போன் செய்யலாம். போன் என்ற வழி திறந்திருப்பதால் யாருக்கும் பதற்றம் இருக்காது, போன் போட ஒரு தயக்கம் இருப்பதால் சில்லறை விஷயங்கள் தானாகக் காத்திருக்கும். தனி ஒருவர் மட்டும் இதைச் செய்தால் "அவர் பதிலே போடுவதில்லை" என்று கெட்ட பெயர்தான் வரும். அதனால் டீமாகச் செய்யுங்கள், மேனேஜரையும் சேர்த்து.

காலை மீட்டிங்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எட்டுப் பேருக்குள் ஒருவருக்கொருவர் என்று கணக்குப் போட்டால் 28 ஜோடி; அத்தனை பேரும் தனித்தனியாகப் பேசிக்கொள்வதைவிட ஒரு இடத்தில் நிற்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொருவராக "நேத்து என்ன செஞ்சேன், இன்னைக்கு என்ன செய்வேன்" என்று ஒப்பிப்பதை நிறுத்துங்கள். பட்டியலைத் திறந்து, மிகப் பழைய வேலையிலிருந்து ஆரம்பித்து, "இது ஏன் நிற்கிறது, இன்னைக்கு யார் என்ன செய்தால் நகரும்?" என்று மட்டும் கேளுங்கள். ஆளைப் பற்றிப் பேசினால் எல்லாரும் பிஸியாக இருப்பதை நிரூபிப்பார்கள். வேலையைப் பற்றிப் பேசினால் அடைப்பு வெளியே வரும். பதினைந்து நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால் கையில் இருக்கும் வேலைகள் இன்னும் அதிகம் என்று பொருள்.

தேதி விஷயத்துக்கு வருவோம். நம் மதிப்பீடு ஏன் எப்போதும் தப்புகிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட சங்கதி, கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994ல் வெளியான ஒரு ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள்; ஆனது 55க்கும் மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் சுமார் 30 சதவீதம். அனுபவம் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம், ஆகாது, ஏனென்றால் மதிப்பிடும்போது நாம் முந்தைய வேலைகளை நினைப்பதில்லை, இந்த வேலை சிக்கலில்லாமல் போகும் கதையைத்தான் மனதில் ஓட்டுகிறோம். மருந்து: இதே மாதிரி முடிந்த கடைசிப் பத்து வேலைகள் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் எடுங்கள். பத்தில் எட்டு எத்தனை நாளுக்குள் முடிந்ததோ, அதைக் கஸ்டமருக்குச் சொல்லுங்கள். கேட்க நீளமாக இருக்கும், ஆனால் காப்பாற்றக்கூடிய வாக்கு அது.

செக்லிஸ்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் 19 வரி அறுவைசிகிச்சை செக்லிஸ்ட்டை எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. பிரமிப்பான முடிவு, எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு 2014ல் வந்த ஆய்வு குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்றது. ஏன் என்று இன்னும் வாதம் நடக்கிறது. நான் எடுத்துக்கொள்வது: தாள் மட்டும் வேலை செய்யாது, அதை வைத்து நின்று பேசுகிற பழக்கம் வேண்டும். உங்கள் டீமுக்கு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடத்தில் மட்டும் நான்கைந்து வரியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டேஷன் கதையில் "எண்ணிக்கை இருக்கிறதா?" என்ற ஒரு வரி முதல் நாளே இருந்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

இவை பழக்கமாக எவ்வளவு நாள் பிடிக்கும்? 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று பலர் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்ததில் நடுமதிப்பு 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை போனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது, இது எனக்கு மிகப் பிடித்த முடிவு, ஏனென்றால் ஒரு நாள் தவறியதும் "அவ்வளவுதான்" என்று முழுசாகக் கைவிடுபவர்கள் நிறையப் பேர். பழக்கத்தை ஒரு தருணத்தோடு கட்டுவது உதவும்: "மதியச் சாப்பாடு முடிந்து சீட்டில் உட்கார்ந்ததும் காத்திருப்புப் பகுதியைப் பார்ப்பேன்" என்பது "தினமும் பார்ப்பேன்" என்பதைவிட வலுவானது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை 1990களிலிருந்து ஆராய்ந்தார், 2006ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாக நின்றது. மன உறுதி ஒரு எரிபொருள் மாதிரி தீர்ந்துபோகும் என்ற பிரபலமான கருத்தோ, 2016ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. எனவே அதை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம்.

புதிதாக எதை மாற்றினாலும் முதல் சில வாரம் நன்றாகத்தான் போகும். தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆட்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்பார்கள், இதற்கு ஹாதார்ன் விளைவு என்று 1920களின் தொழிற்சாலைச் சோதனைகளின் பெயரைச் சொல்வார்கள். விளக்கு வெளிச்சத்தை மாற்றிப் பார்த்த அந்தப் பழைய சோதனையின் தரவைத் திரும்ப அலசியவர்கள், சொல்லப்பட்ட அளவுக்கு அதில் பெரிய விளைவு இல்லை என்று 2011ல் எழுதினார்கள். பெயர் எப்படியோ போகட்டும், ஆரம்ப உற்சாகத்தை நான் போதுமான தடவை பார்த்திருக்கிறேன். அதனால் மூன்று மாதம் அளந்துவிட்டுத்தான் முடிவுக்கு வாருங்கள். அளக்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு வேலைக்கும் வந்த தேதி, போன தேதி. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், எத்தனை மெசேஜ் போட்டார் என்பதெல்லாம் வேண்டாம். இந்த எண்ணை வைத்து யாருக்கும் மார்க் போடாதீர்கள், தயவுசெய்து. போட்ட மறுவாரமே ஒரு வேலையை மூன்றாக உடைத்துப் பதிவு செய்வார்கள், தேதியைப் பிந்திப் போடுவார்கள், அப்புறம் உங்களிடம் உண்மையான எண்ணே இருக்காது.

ஆப்? இப்போது இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எல்லாரும் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிற ஒரு ஷீட்டைப் பொதுவாக்குங்கள். வரம்பு, ஒரே பட்டியல், தெளிவான கோரிக்கை இந்த மூன்றும் நிலைத்த பிறகும் ஏதாவது குறை தெரிந்தால் அப்போது தேடலாம், எது வேண்டும் என்று அப்போது உங்களுக்கே துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் செய்தும் சரியாகாத ஒரு நிலைமை உண்டு. வாரத்துக்கு 12 வேலை உள்ளே வருகிறது, 10 வெளியே போகிறது என்றால் வாரத்துக்கு 2 தேங்கும், பத்து வாரத்தில் 20, ஒரு வருடத்தில் நூறைத் தாண்டிவிடும். அதை எந்தப் பழக்கமும் எந்த ஒழுங்கும் தீர்க்காது, டீமை இன்னும் கசக்கினால் ஆட்கள்தான் போய்விடுவார்கள். அந்த நிலைமையா என்று தெரிந்துகொள்ள உங்கள் பட்டியலிலிருந்து கடைசி எட்டு வாரம் எத்தனை வந்தது, எத்தனை போனது என்று எண்ணினால் போதும். அப்படித்தான் என்றால் அந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பேசுங்கள். உள்ளே வருவதைக் குறைக்கலாம், ஒரு வகை வேலையையே விட்டுவிடலாம், ஆள் எடுக்கலாம். இதில் எது என்று அவர்கள் சொல்ல வேண்டும். முதலில் அந்தத் தாளில் ஒரு வேலையின் கதையை எழுதிவிட்டு வாருங்கள், எந்த இடத்தில் அதிகம் நின்றது என்று இங்கே போட்டால் மேற்கொண்டு குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.